நாலு வினாடியில் ஆப் இறங்கிவிடுமா?

கும்பகோணத்தில் இருந்துகொண்டு விபிஎன் (நம் இணைய முகவரியை மறைத்து, வேறு சர்வர் வழியாக இணையத்துக்கு அனுப்பும்) சேவைகளுக்கு ஆன்லைன் விளம்பரம் ஓட்டிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. விளம்பரம் போடுவது பெரிய வித்தை இல்லை. கட்டிய பணம் மனிதர்களிடம் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதில்தான் பாதி நாள் கழிகிறது. விபிஎன் சந்தா ஒன்றுக்கு அஃபிலியேட்டுக்கு, அதாவது ஆள் பிடித்துத் தரும் இடைத்தரகருக்கு, கிடைக்கும் கமிஷன் கொழுத்தது. அதனால் திருட்டும் அதிகம்.

மற்ற தொழில்களில் போலி க்ளிக் என்றால் முதலில் ஐபி முகவரியை, அதாவது இணைய இணைப்பின் எண் முகவரியைத்தான் பார்ப்பார்கள். வீட்டு இணைப்பாக இல்லாமல் டேட்டா சென்டர் (சர்வர் கூடம்) ஐபி வந்தால் தடுத்துவிடு, முடிந்தது. இங்கே அது ஆகாது. நம் வாடிக்கையாளரே விபிஎன் போட்டுக்கொண்டுதானே, பெரும்பாலும் டேட்டா சென்டர் ஐபியோடு, சந்தாவைப் புதுப்பிக்க வருவார்! மொபைல் இணையத்தில் ஒரே ஐபியை ஏகப்பட்ட பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். திருத்துறைப்பூண்டியில் இருந்து பார்ப்பவர் அறிக்கையில் பல சமயம் சென்னைக்காரராகத் தெரிவார். ஐபியை மட்டும் நம்பித் தடுத்தால் நல்ல ஆட்களைத்தான் விரட்டுவோம்.

நான் முதலில் பார்ப்பது நேரத்தை. அண்மையில் ஓர் அறிக்கையில், ஒரே அஃபிலியேட்டின் கணக்கில், க்ளிக் ஆன நாலாவது வினாடியில் ஆப் திறக்கப்பட்டதாகப் பல வரிகள். ப்ளே ஸ்டோர் திறந்து, ஆப் இறங்கி, அதை ஒருவர் தொட்டுத் திறக்க நாலு வினாடி எப்படிப் போதும்? இதற்குப் பெயர் க்ளிக் இன்ஜெக்‌ஷன். போனில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு டார்ச் லைட் ஆப், புது ஆப் இறங்குவதை மோப்பம் பிடித்து, கடைசி நொடியில் ஒரு க்ளிக்கை அனுப்பிவிடும். தானாக வந்த வாடிக்கையாளருக்குக் கமிஷன் வேறொருவருக்குப் போகும். ஆண்ட்ராய்டில் இதைப் பிடிக்க வழி இருக்கிறது. கூகுள் ப்ளேயின் இன்ஸ்டால் ரெஃபரர் என்ற வசதி, க்ளிக் ஆன நேரத்தையும் இன்ஸ்டால் தொடங்கிய நேரத்தையும் தனித்தனியாகத் தருகிறது. இன்ஸ்டால் தொடங்கிய பிறகு க்ளிக் பதிவாகியிருந்தால் பேச்சே வேண்டாம், பணத்தை நிறுத்துங்கள்.

இன்னொரு கூட்டம், கூகுளில் நிறுவனத்தின் பெயரையே போட்டுத் தேடுகிறவர்களுக்கு முன்னால் தன் விளம்பரத்தைக் காட்டும். கல்யாண மண்டப வாசலில் நின்றுகொண்டு, உள்ளே போகிற அத்தனை பேரையும் நான்தான் அழைத்து வந்தேன் என்று சொல்வது மாதிரி. தேடல் விளம்பர இடம் ஏலத்தில்தான் போகும் என்பதால், நிறுவனப் பெயருக்கு ஏலம் கேட்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம் நம்ம ஊர் சங்கதி. 'ஆப்பை இறக்கு, ஸ்கிரீன்ஷாட் அனுப்பு, இருபது ரூபாய்' என்று டெலிகிராமில் வரும் வேலைகளை மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் கல்லூரிப் பிள்ளைகளும் செய்கிறார்கள். போன் நிஜம், ஆளும் நிஜம். அதனால் எந்த மென்பொருளும் லேசில் பிடிக்காது. மறுநாள் ஆப் போனில் இருக்காது, அதுதான் தடயம். ஆகவே இன்ஸ்டாலுக்குக் காசு கொடுக்காதீர்கள், சந்தாவுக்குக் கொடுங்கள். அதையும் உடனே கொடுக்க வேண்டாம். பல விபிஎன் சேவைகளில் 30 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பதால், கமிஷனை வாங்கிக்கொண்டு 29ஆம் நாள் ரீஃபண்ட் கேட்க வைக்கும் ஆட்களும் உண்டு. நாங்கள் 45 நாள் நிறுத்திவைக்கிறோம். முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

இதில் பெரிய வேடிக்கை, மோசடிக்காரர்களுக்கு ஐபி கொடுப்பதே சில இலவச விபிஎன்கள்தான். 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை முடக்கிய 911 எஸ்5 என்ற வலையமைப்பு, மாஸ்க் விபிஎன், டியூ விபிஎன் போன்ற இலவசச் செயலிகள் வழியாகவே வீட்டுக் கணினிகளுக்குள் புகுந்தது. சிக்கியவை 1.9 கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள். அப்படிப்பட்ட ஒன்றை உங்கள் வீட்டில் யாராவது போட்டிருந்தால், வேறொருவரின் வேலைக்கு உங்கள் வீட்டு ஐபி முகமூடியாகப் போயிருக்கலாம். இன்று ராத்திரி பிள்ளைகளின் போனையும் லேப்டாப்பையும் வாங்கி, யார் எதற்குப் போட்டார்கள் என்றே தெரியாத விபிஎன் ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள்.