குதிரைக்குட்டிக்குத் திறந்திருக்கும் 24 மணி நேரம்

மனிதக் குழந்தை, நோய்க்கிருமிகளை எதிர்க்கும் தாயின் எதிர்ப்பொருள்களோடு பிறக்கிறது. குதிரைக்குட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. குதிரையின் நஞ்சுக்கொடியில் தாயின் இரத்தத்துக்கும் கருவின் இரத்தத்துக்கும் நடுவே ஆறு திசு அடுக்குகள் உண்டு. எதிர்ப்பொருள் அளவுக்குப் பெரிய மூலக்கூறு அவற்றைக் கடப்பதில்லை. ஆகவே பிறந்த குட்டிக்குக் கிடைக்கும் முதல் காவல் சீம்பால்தான். அதிலுள்ள எதிர்ப்பொருளை அப்படியே இரத்தத்துக்குள் விடும் வாசல் சிறுகுடலில் இருக்கிறது. முதல் ஆறேழு மணி நேரம் அது நன்றாகத் திறந்திருக்கும். 24 மணி நேரத்தில் அடைத்துக்கொள்ளும்.

எனவே சீம்பாலின் தரத்தை ஈனுவதற்கு முன்பே தயார்செய்ய வேண்டும். சினைக்காலம் சுமார் 340 நாள். ஆடி மாத அந்தியூர்ச் சந்தையில் சினைக்குதிரை வாங்கிக் குமரி மாவட்டத்துக்குக் கொண்டுவருகிறவர்கள், ஈனும் தேதிக்குக் குறைந்தது நான்கிலிருந்து ஆறு வாரம் முன்பே லாயத்தில் சேர்த்துவிட வேண்டும். அந்த மண்ணிலும் லத்தியிலும் உள்ள கிருமிகளைத் தாயின் உடல் சந்தித்து எதிர்ப்பொருள் உண்டாக்க அவ்வளவு நாள் பிடிக்கும். கடைசி வாரத்தில் வந்து இறங்கினால் சீம்பாலில் பழைய ஊரின் காவல்தான் இருக்கும். டெட்டனஸ் தடுப்பூசியையும் இதே கணக்கில், ஈனுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பு போட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈனும் குதிரைக்கு 14 அடிக்கு 14 அடி காய்ந்த இடம் வேண்டும். மரத்தூள் போடாதீர்கள்; ஈரக் குட்டியின் மூக்கில் ஒட்டும். நாஞ்சில் நாட்டு வைக்கோல் நல்லது, பூஞ்சை பிடிக்காமல் இருந்தால்.

மடி இரண்டு முதல் நான்கு வாரம் முன்பே பெருக்கும். காம்பு நுனியில் மெழுகு போலத் திரண்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில், அதிலும் இரவில் ஈனும். அதற்கு முன்பே பால் ஒழுகினால் போவது சீம்பால். சுத்தமான பாத்திரத்தில் பிடித்து உறைநிலையில் வையுங்கள்.

பனிக்குடம் உடைந்தபின் 20 முதல் 30 நிமிடத்தில் குட்டி வெளிவர வேண்டும். முதலில் வெள்ளைச் சவ்வு, அதற்குள் ஒன்றுக்கொன்று சற்று முன்பின்னாக இரண்டு முன்னங்கால், அவற்றின் மேல் மூக்கு. இதற்குப் பதிலாகச் சிவந்த வெல்வெட் போன்ற பை தெரிந்தால் நஞ்சுக்கொடி முன்பே பிரிந்துவிட்டது, குட்டிக்கு ஆக்சிஜன் நின்றுபோகிறது என்று பொருள். மருத்துவருக்காகக் காத்திருக்க நேரமில்லை. அந்தப் பையை உடனே கிழித்து, தாய் முக்கும்போது குட்டியை இழுங்கள்.

தொப்புள்கொடியை அறுக்காதீர்கள், தானே அறுந்துபோக விடுங்கள். அறுந்த நுனியை 0.5 சதவீத குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியில் முக்குங்கள். 2 சதவீதக் கரைசல் ஒரு பங்குக்கு மூன்று பங்கு கொதித்தாறிய நீர். முதல் இரண்டு மூன்று நாள் தினமும் சில தடவை செய்யலாம். கடுமையான அயோடின் தோலை எரித்துவிடும்.

குட்டி ஒரு மணி நேரத்தில் நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும். 50 கிலோ குட்டிக்கு ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் நல்ல சீம்பால் தேவை. குடிக்காவிட்டால் கறந்து, மணிக்கு 250 மில்லி வீதம் கொடுக்க வேண்டும். உறிஞ்சும் பலமே இல்லாத குட்டியின் வாயில் ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போகும், ஆகவே மருத்துவர் குழாய் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். வீட்டுப் பசுவின் சீம்பால் அவசரத்துக்கு உதவலாம், ஆனால் அதன் எதிர்ப்பொருள் குதிரைக் கிருமிகளுக்கானது அல்ல, இரத்தத்தில் நெடுநாள் நிற்பதும் இல்லை.

குடித்தது போதுமா என்பதை இரத்தப் பரிசோதனையே சொல்லும். டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராம் எதிர்ப்பொருள் இருந்தால் நிம்மதி. 400க்குக் கீழே என்றால் இரத்தக்குழாயில் பிளாஸ்மா (இரத்தத்தின் நீர்ப்பகுதி) ஏற்ற வேண்டும். 12 மணி நேரத்திலேயே பார்த்துவிட்டால் வாசல் அடைவதற்குள் கூடுதல் சீம்பால் கொடுக்க வழியிருக்கும். திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போக நாகர்கோவிலிலிருந்து ஒன்றரை மணி நேரமாவது ஆகும் என்பதால், யாரிடம் போவது என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

நஞ்சுக்கொடி மூன்று மணி நேரத்துக்குள் விழ வேண்டும். தொங்கினால் இழுக்கக் கூடாது. கிழிந்து துண்டு உள்ளே நின்றால் கருப்பை அழுகி, குளம்புவீக்கம் வரை கொண்டுபோகும். தாய் மிதிக்காமல் முடிச்சுப் போட்டுவிட்டு மருத்துவரை அழையுங்கள். விழுந்தபின் தரையில் விரித்து இரண்டு கொம்புகளின் (கருப்பையின் இரு கிளைகளுக்குள் இருந்த பகுதிகள்) நுனியும் முழுசாக இருக்கிறதா பாருங்கள். குட்டி வளராத கொம்பின் நுனிதான் பெரும்பாலும் உள்ளே தங்கும்.