அம்பர்: உமிழ்நீரும் அன்று, வாந்தியும் அன்று

குமரி மாவட்டக் கொல்லங்கோட்டிலிருந்து கேரளத்தின் விழிஞ்ஞம் வரையுள்ள கரையில் மெழுகு போன்ற கட்டி ஏதேனும் அகப்பட்டால், மறுநாள் தமிழ்ப் பத்திரிகை அதைத் ‘திமிங்கல உமிழ்நீர்’ என்கிறது. மலையாளப் பத்திரிகை ‘திமிங்கல சர்த்தி’ (சர்த்தி என்றாலும் வாந்திதான்) என்கிறது. தொலைக்காட்சிக்கோ அது ‘திமிங்கல வாந்தி’. கடல் பாலூட்டிகளைப் பற்றி மீனவர்களுக்கு எடுத்துச் சொல்வதற்கென்றே அச்சிட்ட விழிப்புணர்வுத் தட்டியிலும் ‘உமிழ்நீர்’ ஏறிவிட்டதைக் கண்ட பிறகு, சும்மா இருப்பதற்கில்லை.

இப்பொருளின் பெயர் அம்பர். அரபியில் அன்பர் (நம் அன்பருக்கும் அதற்கும் உறவில்லை). மரப்பிசினான அம்பரிலிருந்து வேறுபடுத்தப் பிரெஞ்சுக்காரர் இதைச் ‘சாம்பல்நிற அம்பர்’ என்றனர். அதுவே ஆங்கிலத்தில் ‘அம்பர்கிரிஸ்’ ஆயிற்று. தமிழில் அம்பர் என்றும், மருந்துச் சரக்கு வழக்கில் மீனம்பர் என்றும் பெயருண்டு. கடல்படு திரவியம் ஐந்தனுள் உப்பு, முத்து, பவளம், சங்கு ஆகியவற்றோடு வைத்து எண்ணப்படும் ஓர்க்கோலையும் இதுவே என்று கொள்வார் உண்டு.

இனி ‘உமிழ்நீர்’ என்பதற்கு வருவோம். உமிழ்நீர் வாயில் ஊறுவது, நீராக இருப்பது. அம்பரோ குடலில் விளைவது, கட்டியாக இருப்பது. ஆக, உமிழ், நீர் என்று இரண்டே உறுப்புள்ள ஒரு தொடரில் இரண்டுமே பிழை. அம்பர் உண்டாகும் எண்ணெய்த் திமிங்கலத்தின் (ஆங்கிலத்தில் ‘ஸ்பெர்ம் வேல்’) முதன்மை உணவு கணவாய். கணவாயின் உடல் செரித்துவிடும். கிளிமூக்குப் போல் வளைந்த அதன் கடினமான அலகு செரிக்காது. செரிக்காத அலகுகளில் பெரும்பகுதியைத் திமிங்கலம் வாய் வழியே கக்கிவிடுகிறது. ‘வாந்தி’ என்போர் ஒருவேளை இதைத்தான் கேள்விப்பட்டிருப்பார்கள்; ஆனால் கக்கியது அம்பர் அன்று. கக்காமல் தப்பிக் குடலுக்குள் இறங்கிய அலகுகளைச் சுற்றி மெழுகுத்தன்மையுள்ள பொருள் படிந்து படிந்து இறுகுவதே அம்பர் என்பதும், அது மலத்தோடோ திமிங்கலம் இறந்த பின்னரோ வெளிப்படுகிறது என்பதும் ஆய்வாளர் பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. புதிதாக வெளிவந்த அம்பர் கறுத்து, இளகி, சாண நாற்றம் அடிக்கும். கடலில் நெடுநாள் மிதந்து வெயிலும் உப்பும் பட்ட பிறகே சாம்பல் நிறமும் நறுமணமும் பெறும். கட்டியை உடைத்துப் பார்த்தால் சில வேளைகளில் கணவாய் அலகுத் துண்டுகள் பதிந்திருக்கும். உமிழ்நீரில் அலகு எப்படி வந்தது என்று ஒரு பள்ளிப் பிள்ளை கேட்டால், தட்டி எழுதியவர் என்ன சொல்வார்?

‘வாந்தி பாமரருக்கும் புரியுமே’ என்று வாதிடுவர். புரிவது தவறாகப் புரிந்தால் என்ன பயன்? வாயிலிருந்து வருவதென்றால் எல்லாத் திமிங்கலத்திடமும் கிடைக்கும் என்றே கேட்பவர் எண்ணுவர். நீலத்திமிங்கலம் போலச் சல்லடைத் தகடால் இரையை வடித்து உண்ணும் இனங்களில் அம்பர் இல்லை. எண்ணெய்த் திமிங்கலத்திலும் அதன் சிறு உறவினங்களிலுமே அது உண்டாகிறது. எண்ணெய்த் திமிங்கலத்திலேயே மிகச் சிலவற்றில்தான் காணப்படுகிறது. 2022இல் விழிஞ்ஞம் மீனவர்கள் 28.4 கிலோ அம்பரைக் கண்டெடுத்து, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம் என்பதால், கடலோரக் காவல்துறையிடம் ஒப்படைத்தார்கள். அச்செய்தியிலும் தலைப்பைப் பிடித்தது அதன் விலையின் கோடிக்கணக்கு. பொருள் எங்கே விளைந்தது என்பதை எழுத ஒரு வரி கிடைக்கவில்லை.

அண்மையில் ‘திமிங்கல எச்சம்’ என்றும் எழுதுகிறார்கள். மூன்றில் இதுவே உண்மைக்கு அருகில் நிற்பது. ஆயினும் எச்சம் என்றால் பறவையின் கழிவே முதலில் நினைவுக்கு வருவதால், அம்பர் என்ற வழக்கு கைவசம் இருக்க அது வேண்டியதில்லை. அம்பர் அரபுச் சொல்லாயிற்றே என்று தூய்மை பேசுவோர் மீனம்பரை எடுத்துக்கொள்ளலாம். திமிங்கலம் மீனன்றே என்று உயிரியலார் குறுக்கிடுவர். கடற்குதிரையைக் குதிரை என்று யாரும் சேணம் பூட்டவில்லை.

இப்படிப் பெயர் சூட்டும் மொழிபெயர்ப்பாளர்கள்தாம் எண்ணெய்த் திமிங்கலத்தை ‘விந்துத் திமிங்கலம்’ ஆக்கியவர்கள். அதன் தலையில் உள்ள மெழுகெண்ணெயை விந்து என்று மேலைநாட்டார் ஒரு காலத்தில் தவறாக எண்ணியதன் எச்சம் அந்த ஆங்கிலப் பெயர். அவர்கள் தவறை நாம் தமிழில் பெயர்த்து வகுப்பறைக்குக் கொண்டுபோக வேண்டுமா? அதன் அறிவியற்பெயரின் பின்பாதிக்கே ‘பெருந்தலை’ என்றுதான் பொருள்.