பாறை ஓவியத்தின் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம்

பாறை ஓவியம் பார்க்கப் போகிறவர்களில் பலர் முதலில் செய்வது, கையிலிருக்கும் பாட்டில் தண்ணீரை அதன் மேல் ஊற்றுவதுதான். மங்கிக் கிடந்த செங்காவி உருவம் சட்டென்று பளிச்சிடும். நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இவர்களில் பெரும்பாலோர் அந்த ஓவியங்கள் மேல் உண்மையான ஆசை உள்ளவர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தண்ணீர் பாறையின் நுண்துளைகளை நிரப்புவதால் மேற்பரப்பில் ஒளி சிதறுவது குறைகிறது. நிறம் அடர்த்தியாகத் தெரியக் காரணம் இதுதான். ஆனால் அந்த ஈரம் காயும்போது, பாறைக்குள் இருக்கும் உப்புகளைக் கரைத்து வெளியே இழுத்து வரும். அவை மேற்பரப்பில் படிகமாகி நிறத்துகள்களைத் தளர்த்தும், இல்லையென்றால் வெண்படலமாக ஓவியத்தையே மூடிவிடும். சாக்பீஸால் ஓரம் வரைவதும் இதே அளவுக்குக் கெடுதல். சுண்ணத்தூள் துளைகளில் தங்கிவிடும், பின்னாளில் காலக்கணிப்புக்கு எடுக்கும் மாதிரியையும் கெடுக்கும். அதோடு, யாரோ ஒருவர் கொம்பு என்று நினைத்துப் போட்ட கோட்டை, அடுத்து வருகிறவர் ஓவியத்தின் கோடாகவே எடுத்துக்கொள்வார்.

தண்ணீரும் சாக்பீஸும் செய்வதாக நாம் நினைக்கும் வேலையை, பாறையைத் தொடாமலே கணினி செய்துவிடும். அதற்கான மென்பொருள் டிஸ்ட்ரெட்ச். அமெரிக்காவின் ஜான் ஹார்மன் 2005இல் இதை படங்களை ஆராயப் பயன்படும் இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளின் இணைப்பாக உருவாக்கினார். இதன் அடிப்படையான கணக்குமுறை, வானிலிருந்து எடுத்த படங்களில் பாறை வகைகளைப் பிரித்தறிய நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் வளர்ந்தது. செம்பாறை மேல் செங்காவி ஓவியம் என்றால் படத்தில் சிவப்பு, பச்சை, நீல மதிப்புகள் மூன்றும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறி இறங்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. மென்பொருள் அந்தச் சேர்க்கையைக் கணக்கிட்டு விலக்கிவிட்டு, மிச்சமிருக்கும் சின்னஞ்சிறு நிற வேறுபாட்டை அகலமாக இழுத்துக் காட்டுகிறது. சிவப்புக்கு ஒய்ஆர்இ, எல்ஆர்இ, மஞ்சளுக்கு எல்ஒய்இ, கருப்புக்கு ஒய்பிகே என்று தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலை போலச் செங்காவி ஓவியங்கள் உள்ள இடங்களில் முதலிரண்டும் நன்றாக உதவும். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லப்பாடியின் வெண்ணிற ஓவியங்களுக்கு அதே அமைப்பைப் போட்டுவிட்டு எதுவும் தெரியவில்லை என்று சொல்லக் கூடாது.

சரி, எந்தப் படமானாலும் போதுமா? போதாது. பெரும்பாலான பதிவுகள் வீணாவது இங்கேதான். ஜேபெக் கோப்பு சிறிதாவதற்காக முதலில் வெட்டி எறிவது நிற நுணுக்கத்தை. நமக்கு வேண்டியதும் அதுவே. அப்படிப்பட்ட படத்தை டிஸ்ட்ரெட்சில் போட்டால் உருவத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாகப் புள்ளிகள் தெரியும். கேமராவில், நிறத் தகவலை வெட்டாமல் அப்படியே சேமிக்கும் ரா வடிவத்தில் எடுங்கள். கைபேசியிலும் அந்த வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். வெயில் பாதி, நிழல் பாதியாக விழும் நேரத்தைத் தவிர்த்து, பாறை முழுவதும் நிழலில் இருக்கும்போது, டிரைபாட் வைத்து, பாறைக்கு நேரெதிரே நின்று எடுக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் நிற அளவுகோல் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் அதைப் பாறையில் ஒட்டக் கூடாது. அளவுகோல் இல்லாத படத்தில் உருவம் விரல் அளவா, ஆள் உயரமா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயத்தில் எனக்குக் கவலை அதிகம். இப்போது சமூக ஊடகங்களில் ஊதாவும் ரத்தச் சிவப்புமாக ஒளிரும் படங்களைப் போட்டு, 'புதிய ஓவியம் கண்டுபிடிப்பு' என்று எழுதுகிறார்கள். செங்காவியின் நிறத்துக்குக் காரணம் இரும்பு ஆக்சைடு. பாறையில் இயற்கையாக ஊறி வழியும் கறையும் அதே இரும்பு ஆக்சைடுதான். மென்பொருளுக்கு இரண்டும் ஒன்று. ஆனால் கறை, விரிசலையும் நீர் வழியும் தடத்தையும் ஒட்டியே போகும். தூரிகையோ விரலோ இழுத்த கோடு அவற்றைக் குறுக்கே கடந்து போகும். அதனால் மேம்படுத்திய படத்தோடு திரும்பவும் பாறைக்குப் போய், உருப்பெருக்கியில் நேரில் பார்த்த பிறகுதான் நான் எதையும் ஓவியம் என்று குறிப்பேன். வெளியிடும்போது அசல் படத்தைப் பக்கத்திலேயே வைத்து, எந்த அமைப்பைப் பயன்படுத்தினோம் என்றும் எழுத வேண்டும். அசல் கோப்பை ஒருநாளும் மாற்றிச் சேமிக்கக் கூடாது.

பாறையில் கீறிச் செதுக்கிய கீறல் ஓவியங்களுக்கு இந்த நிற வித்தை பயன்படாது. வயநாட்டின் எடக்கல் போன்ற இடங்களில் வேண்டியது ஒளியும் நிழலும். விளக்கைப் பல கோணங்களில் சாய்த்துப் படங்கள் எடுத்து, அப்புறம் கணினியில் விரும்பிய பக்கமிருந்து ஒளி பாய்ச்சிப் பார்க்கும் முறைக்கு, எச்பி ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டர் குழு 2001இல் வழி வகுத்தது. முப்பரிமாண மாதிரி வேண்டுமென்றால், ஒவ்வொரு படமும் அடுத்த படத்தோடு மூன்றில் இரண்டு பங்காவது மேற்பொருந்தும்படி வரிசையாக எடுத்தால் போதும். மெஷ்ரூம் என்ற இலவச மென்பொருளே கோத்துத் தந்துவிடும்.

படத்தோடு சேர்ந்து இடமும் பதிவாகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கைபேசிக் கோப்புக்குள் ஜிபிஎஸ் புள்ளி இருக்கும். கோத்தகிரி அருகே கரிக்கியூரில் மலையேற வந்தவர்கள் கிறுக்கி ஓவியங்களைச் சேதப்படுத்தியது நாளிதழ்களில் வந்த செய்தி. காவலில்லாத ஓர் ஓவியத்தின் இடத்தை ஊருக்கெல்லாம் சொல்வது, அதை அப்படி ஒரு கைக்கு ஒப்படைப்பது போலத்தான். வெளியிடும் படத்திலிருந்து இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். மாநிலத் தொல்லியல் துறைக்கு அனுப்பும் பிரதியில் மட்டும் அது கட்டாயம் இருக்க வேண்டும், முக்கியமாகப் பக்கத்தில் கல்குவாரி நடக்கிறது என்றால்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எண்பதுகளிலோ தொண்ணூறுகளிலோ இந்த இடங்களுக்குப் போய்ப் பிலிமில் படம் எடுத்தவர்கள் யாராவது இருந்தால், அந்த நெகட்டிவ்களையும் ஸ்லைடுகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நல்ல ஸ்கேனரில், நிற நுணுக்கம் குறையாத டிஃப் கோப்பாக ஏற்றினால் அவற்றையும் டிஸ்ட்ரெட்சில் பார்க்கலாம். எந்த ஊர், எந்த ஆண்டு என்று நினைவிருப்பதை எழுதி, ஸ்கேன் செய்த கோப்போடு தொல்லியல் துறைக்கோ அருகிலுள்ள பல்கலைக்கழகத் தொல்லியல் துறைக்கோ ஒரு பிரதி கொடுங்கள். இன்று பாறையில் உரிந்துபோன பகுதி அந்தப் படத்தில் முழுசாக இருக்கலாம்.