உருகுமுன்னே உருகியாயிற்று என்று சொல்லும் சென்சார்

மலேசியாவில் பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அக்கா குரல் செய்தி அனுப்பியிருந்தார். ஃப்ரீசரில் மீன் கல்லாகக் கிடக்கிறதாம். கீழ்த்தட்டில் வைத்த தோசை மாவோ ஒரே நாளில் புளித்துப் பொங்கி வழிகிறது. மெக்கானிக் ஒருவர் வந்து உள்ளே இருக்கும் ஹீட்டரை மாற்றினார், சரியாகவில்லை. மறுபடி வந்தவர் பெட்டியை இயக்கும் மின்னணுப் போர்டையே மாற்ற வேண்டும், 400 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். இதற்கிடையில் மாமியார் சொன்னபடி ஐஸ்பெட்டியை இரண்டு நாள் அணைத்துத் துடைத்து, வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டி ஓட விட்டால் இரண்டு வாரம் ஒழுங்காக ஓடுகிறது. அப்புறம் பழைய கதைதான். “கண் பட்டிருக்குமோ தம்பி?”

கண் படவில்லை. ஆனால் அந்த ‘இரண்டு வாரம்’ நல்ல துப்பு. போர்டு செத்திருந்தால் கற்பூரத்துக்கு எழுந்து வராது. அந்த இரண்டு வாரத்தில் ஏதோ ஒன்று மெல்லச் சேர்ந்துகொண்டு வருகிறது. அது பனி.

இன்றைய பெட்டிகளில் குளிர் உண்டாவது ஃப்ரீசரின் பின்சுவருக்குள் ஒளிந்திருக்கும் அலுமினியக் காயிலில், அதாவது தகடுகள் செருகிய குழாய்ச்சுருளில். ஒரு சிறு விசிறி அந்தக் குளிர்காற்றை மேலும் கீழும் தள்ளுகிறது. பினாங்குக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். கதவைத் திறக்கும்போதெல்லாம் அதில் கொஞ்சம் உள்ளே போய், காயிலில் பூம்பனியாக ஒட்டிக்கொள்கிறது. தகடுகளின் இடுக்கு அடைபட்டால் காற்று கீழே இறங்காது. அதனால்தான் மேலே மீன் கல், கீழே மாவு பொங்கல்.

இதைத் தவிர்க்கத்தான் சில மணி நேரத்துக்கு ஒரு முறை கம்ப்ரசரை நிறுத்தி, காயிலுக்கு அடியில் ஒரு ஹீட்டரைப் போட்டுப் பனியை உருக்குகிறார்கள். ஹீட்டரை எப்போது நிறுத்துவது? காயிலில் கவ்வியிருக்கும் ஒரு சென்சார் சொல்ல வேண்டும். பனி முழுவதும் உருகித் தீர்ந்த பிறகுதான் காயில் 0 டிகிரியைத் தாண்டி ஏறும். ஆகவே பல பெட்டிகளில் 10 டிகிரியை ஒட்டி வந்ததும் போர்டு ஹீட்டரை அணைத்துவிடும்.

இந்த சென்சாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

மிளகு அளவுகூட இல்லாத ஒரு பீங்கான் மணி அது. மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் போன்றவற்றின் ஆக்சைடுகளைச் சூளையில் சுட்டுச் செய்வது. பெயர் தெர்மிஸ்டர். செம்புக் கம்பி சூடானால் அதன் மின்தடை கூடும் என்று பள்ளியில் படித்தோம். இது நேர்மாறு: சூடானால் தடை குறையும், குளிர்ந்தால் கூடும். செம்பில் எலக்ட்ரான்கள் கட்டற்று ஓடுகின்றன, சூட்டில் துடிக்கும் அணுக்கள் குறுக்கே வந்து தடுக்கின்றன. இந்தப் பீங்கானில் எலக்ட்ரானுக்கு அப்படி ஓட்டம் கிடையாது. ஒரு மாங்கனீசு அயனியிலிருந்து பக்கத்து அயனிக்குத் தாவித்தான் போக வேண்டும், லோங்காங்கை (சாக்கடை வாய்க்காலை) தாண்டும் பையன்களைப் போல. தூக்கக் கலக்கத்தில் இருக்கும் காலையில் ஒருவனோ இருவரோதான் தாண்டுவார்கள். மைலோ குடித்துத் தெம்பு வந்தபின் பாருங்கள், கூட்டமே தாண்டும். அந்தத் தெம்புதான் வெப்பம். தாவுகிறவர்கள் பெருகினால் மின்னோட்டம் பெருகும், அதாவது தடை குறையும்.

எவ்வளவு குறையும் என்பதுதான் அழகு. 25 டிகிரியில் 10 கிலோ ஓம் தடை காட்டும் ஒரு சாதாரண வகையை எடுத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரியில் அது 8, 10 டிகிரியில் 20, 0 டிகிரியில் 33, ஃப்ரீசர் குளிரான மைனஸ் 20-இல் ஏறக்குறைய 100 கிலோ ஓம். ஐம்பது டிகிரிக்குள் பன்னிரண்டு மடங்கு! இந்தத் தடையை வைத்துத்தான் போர்டு சூட்டைக் கணிக்கிறது. செம்புக் கம்பி இதே வித்தியாசத்தில் கால் பங்குகூட மாறாது.

வெள்ளி சல்ஃபைடு சூடாகும்போது மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிறது என்று விஞ்ஞானி ஃபாரடே 1833-இல் பார்த்தார். பயன்படுத்தத்தக்க தெர்மிஸ்டரை சாமுவேல் ரூபன் உருவாக்கியது 1930-இல். நடுவே ஏறக்குறைய நூறு ஆண்டு. ‘இந்த ஆய்வால் மூன்று ஆண்டுகளில் என்ன பயன்?’ என்று ஒரு கட்டம் வைத்திருக்கும் நிதி விண்ணப்பப் படிவத்தில் ஃபாரடே என்ன எழுதியிருப்பார்? இன்று நம் தோசை மாவைக் காப்பது அந்தப் ‘பயனற்ற’ கவனிப்புதான். சரி, விஷயத்துக்கு வருவோம்.

இந்த மணியை எப்பாக்சிப் பிசினுக்குள் பொதிந்து, இரண்டு கம்பிகளை வெளியே விட்டிருப்பார்கள். ஒரு நாளில் சில முறை கடுங்குளிருக்குப் போய்த் திரும்புகிறது. கம்பியுறையும் எப்பாக்சியும் ஒரே அளவில் சுருங்கி விரிவதில்லை. ஆண்டுகள் போகப்போக ஒரு மயிரிழை விரிசல். உருகிய நீர் அதில் ஊறிப் புகுந்தால் இரண்டு கம்பிகளுக்கும் இடையே மின்சாரத்துக்கு ஒரு திருட்டு வழி கிடைத்துவிடும்.

கணக்கு எளிதாக இருக்க, அந்தத் திருட்டு வழி 50 கிலோ ஓம் என்று வைப்போம். இணைச்சுற்றில், அதாவது மின்சாரத்துக்குப் பக்கம்பக்கமாக இரண்டு வழி இருந்தால், மொத்தத் தடை குறையும். அறையில் 30 டிகிரியில் 8 காட்ட வேண்டியது சுமார் 7 காட்டும். அளந்து பார்க்கும் மெக்கானிக், ‘வீடு கொஞ்சம் சூடு, சென்சார் நல்லாத்தான் இருக்கு’ என்பார். அவர் மேல் தவறில்லை, யாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் 0 டிகிரியில்? 33-உம் 50-உம் இணைந்தால் 20 கிலோ ஓம். நல்ல சென்சார் 10 டிகிரியில் காட்டும் அதே எண்!

என்ன நடக்கிறது பாருங்கள். ஹீட்டர் எரிகிறது, காயில் மெல்ல ஏறி 0 டிகிரியைத் தொடுகிறது. உருகும் வேலையே அங்கேதான் தொடங்குகிறது. அரைக் கிலோ பனியை உருக்க 167 கிலோஜூல் வேண்டும். 200 வாட் ஹீட்டருக்கு 14 நிமிட வேலை. ஆனால் போர்டு தொடக்கத்திலேயே ‘10 டிகிரி ஆயிற்று, முடிந்தது’ என்று அணைத்துவிடுகிறது. அரைகுறையாக நனைந்த பனி திரும்ப உறைந்து கண்ணாடிக்கட்டியாகிறது. அதன்மேல் அடுத்த அடுக்கு. இரண்டு வாரத்தில் காயில் முழுவதும் அடைப்பு.

மறுநாள் ஃபெர்ரியில், தடையை அளக்கும் மல்டிமீட்டரோடு போனேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்தட்டைக் கழற்றினால், எதிர்பார்த்ததுபோலவே கண்ணாடிக்கட்டி. ஹீட்டர் எரியாமலே இருந்திருந்தால் வெள்ளைப் பூம்பனியாக இருந்திருக்கும். ஏதோ ஒரு மூலையில் மட்டும் இருந்திருந்தால் குளிரூட்டும் கேஸ் குறைவு என்று சந்தேகித்திருப்பேன். அக்காவின் மகன் கத்தியோடு வந்து நின்றான். வேண்டவே வேண்டாம் என்றேன். இன்றைய பெட்டிகள் பலவற்றில் ஓடுவது தீப்பற்றும் ஐசோபியூட்டேன் கேஸ், காயிலோ மெல்லிய அலுமினியம். விசிறியை எதிரே வைத்துக் காத்திருந்து, தளர்ந்து விழுந்த கட்டிகளை ஒரு டம்ளரில் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினோம். பனியும் நீரும் கலந்திருக்கும்வரை அந்த டம்ளர் 0 டிகிரியை விட்டு நகராது. இதைவிட மலிவான அளவுகோல் கிடையாது. பழுது உண்டாக்கிய பனியே பழுதுக்குச் சாட்சி!

சென்சாரை அதில் முக்கிப் பத்து நிமிடம் கலக்கினேன். 33 காட்ட வேண்டியது 21-இல் நின்றது. அதே வகையில் புதிதாக வாங்கி வந்ததை முக்கினோம்: 32.8. வகை மாறினால் இந்த எண்ணும் மாறும், பாதி அளவில் உள்ளவையும் உண்டு. எனவே மாடல் எண்ணைச் சொல்லி வாங்குவது நல்லது. விலை இரண்டு தட்டு நாசி கண்டார் சோற்றைத் தாண்டவில்லை.

கற்பூரத்தைப் பற்றி மாமியாரிடம் நான் வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் அணைத்து வைத்ததில் பனி முழுவதும் உருகியது, அதனால் இரண்டு வாரம் ஓடியது என்று அக்காவிடம் மட்டும் சொன்னேன். “அப்போ நான் துடைச்சதுக்கும் பலன் இல்லையா?” என்று சிரித்தார்.

மூன்று நாள் கழித்து மறுபடி குரல் செய்தி. “தம்பி, ராத்திரியில பெட்டிக்குப் பின்னால தண்ணி சொட்டுற மாதிரி சத்தம் கேட்குது. இத்தனை மாசமா கேட்டதே இல்லை. எங்கேயாவது ஒழுகுதா?”

ஒழுகவில்லை அக்கா. உருகிய பனி குழாய் வழியே கம்ப்ரசர் மேலுள்ள தட்டில் விழுகிறது. துடைக்க வேண்டாம், அந்தச் சூட்டிலேயே காய்ந்துவிடும்.