ஒப்புறுதி: சொல் விளக்கம்

வன்னியில் ‘உறுதி’ என்றால் காணி உறுதிதான். உறுதிக்காணியா, அரசு அனுமதியில் தந்த பெர்மிட் காணியா என்று கேட்காமல் கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ காணிப் பேச்சுத் தொடங்காது. அதனால் வங்கி ஆவணமொன்றில் ‘ஒப்புறுதி’ என்று வந்தால் ஏதோ காணிப் பத்திரம் என்றோ, யாரோ பிணை நிற்கிறார் என்றோ நினைக்க இடமுண்டு. இரண்டும் இல்லை.

அரசோ கம்பனியோ முறி (கடன் பத்திரம்) வெளியிட்டுக் கடன் வாங்கும்போது, விற்காமல் மிஞ்சுவதை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு வங்கி முற்கூட்டியே ஏற்பதுதான் ஒப்புறுதி, ஆங்கிலத்தில் அண்டர்ரைட்டிங். பிணை நின்றவர், கடன்காரர் கட்டாவிட்டால் தான் கட்டவேண்டும். ஒப்புறுதியாளருக்கு அந்தக் கடமை இல்லை. முறி விலைப்படுமா என்ற இடர் மட்டுமே அவர் தலையில்.

ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருள் ‘கீழே எழுதுதல்’. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், இலண்டனில் எட்வேட் லொயிட்டின் கோப்பிக் கடையில் கூடிய வணிகர்கள், கப்பல் காப்புறுதிச் சீட்டின் கீழே தம் பெயரையும் தாம் ஏற்கும் பங்கையும் எழுதினார்கள். தமிழுக்கு இது புதிதல்ல. சுந்தரரை ஆட்கொள்ள வந்த முதியவர் காட்டிய ஆளோலை, பெரியபுராணத்தில் ‘இதற்கிவை என் எழுத்து’ என்றுதான் முடிகிறது. எழுத்து வைத்தவர் அதற்குக் கட்டுப்பட்டவர். ‘ஒப்பு’ என்பதில் சம்மதமும் கையொப்பமும் சேர்ந்தே இருப்பதால், ‘கீழெழுத்து’ என்று உருவாக்குவதைவிட ‘ஒப்புறுதி’யே எனக்குச் சரியாகப் படுகிறது.

இந்தச் சொல்லைத் தெரிந்துவைத்திருக்க வேண்டிய காரணம் இன்னொரு சொல்லில் இருக்கிறது: நம்பிக்கைப் பொறுப்பு, அதாவது ஒருவர் இன்னொருவருக்காகச் சொத்தை வைத்துக் காப்பது, ஆங்கிலத்தில் டிரஸ்ட். இலங்கையில் இதற்கு 1917ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. தமிழ்நாட்டு வழக்கான ‘அறக்கட்டளை’ தருமப் பணிக்குப் பொருந்தும். தாய் தகப்பனை இழந்த பிள்ளைக்காக ஒருவர் வைத்துக் காக்கும் பணத்துக்குப் பொருந்தாது. அது தருமம் அல்ல, அந்தப் பிள்ளையின் உரிமை. வன்னியில் இந்த வேறுபாட்டை யாரும் லேசாக எடுக்கக்கூடாது.

இப்போது ஒரே வங்கி இரண்டு வேலையும் பார்க்கிறது என்று வையுங்கள். ஒரு பிரிவு முறிக்கு ஒப்புறுதி அளிக்கிறது. மற்றப் பிரிவு பிள்ளையின் பணத்தை முதலிடுகிறது. விலைப்படாத முறியை அந்தக் கணக்கில் தள்ளிவிட்டால் வங்கியின் இடர் பிள்ளையிடம் போய்விடும். அமெரிக்காவில் 1933இன் கிளாஸ்-ஸ்டீகல் சட்டம் வங்கிகளைப் பெரும்பாலான பங்கு, பத்திர ஒப்புறுதிகளிலிருந்து விலக்கியபோதும் அரசு முறிகளை விட்டுவைத்தது. ஆகவே இந்த முரண் அங்கே நெடுநாள் நடைமுறைக் கேள்வி. தன் தீர்மானத்தில் முதலிடும் நம்பிக்கைப் பொறுப்புப் பணத்தைக் கொண்டு, தேசிய வங்கி (அமெரிக்க மத்திய அரசின் உரிமம் பெற்ற வங்கி) தன்னிடமிருந்தே சொத்து வாங்கக்கூடாது என்பது அங்குள்ள விதி. பொறுப்பு ஆவணமோ நீதிமன்றக் கட்டளையோ உரிய சட்டமோ இடங்கொடுத்தால் மட்டுமே விலக்கு. முறியை வெளியிட்டது அரசுதானே, அது பாதுகாப்பானதுதானே என்பது பதிலாகாது. கேள்வி முறியின் தரம் பற்றியது அல்ல, விற்பவரும் வாங்குபவரும் ஒரே ஆளா என்பது பற்றியது.

இலங்கையில் திறைசேரி முறிகள், அதாவது அரசின் முறிகள், முதனிலை வணிகர்கள் (ஏலத்தில் நேரே வாங்க அனுமதி பெற்றவர்கள்) ஊடாக ஏலத்தில் போகின்றன. அவர்களுள் வங்கிகளும் உண்டு. எனவே கோயில் நிதிக்கோ பிள்ளையின் பணத்துக்கோ பொறுப்பாக ஒப்பம் வைப்பவர்கள் வங்கியிடம் இரண்டைக் கேட்கவேண்டும்: இந்த முறியை யாரிடமிருந்து வாங்குகிறீர்கள்? அதற்கு எங்கள் பொறுப்பு ஆவணத்தில் இடமிருக்கிறதா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.