கல்லூரி நூலகத்தை யார், எதற்காகப் பயன்படுத்துகிறார்கள்?

நூலக வாசலில் இருக்கும் வருகைப் பதிவேட்டை மட்டும் வைத்துப் பார்த்தால், நம் கலை அறிவியல் கல்லூரிகளின் நூலகங்கள் நன்றாகவே பயன்படுகின்றன. கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் அமைப்பு, நாளொன்றுக்கு எத்தனை ஆசிரியர்களும் மாணவர்களும் நூலகத்துக்கு வந்தார்கள், மின்வளங்களைத் திறந்தார்கள் என்ற கணக்கைக் கேட்கத் தொடங்கிய பிறகு, அந்தப் பதிவேடு மிகுந்த அக்கறையோடு பராமரிக்கப்படுகிறது. ஆனால் கையெழுத்திட்டு உள்ளே வந்தவர் என்ன செய்தார் என்பதை அது சொல்லாது. வகுப்பில்லாத நேரத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார வந்தவரும், கைப்பேசிக்குச் சார்ஜ் போட வந்தவரும், பழைய வினாத்தாள்களைப் படமெடுக்க வந்தவரும், ஆய்விதழ்க் கட்டுரை ஒன்றைத் தேடி வந்தவரும் அதில் ஆளுக்கொரு வரிதான். அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் நூலகராகப் பணியாற்றும் எனக்கு அந்த வரிகளைப் பற்றி ஒரு கருத்து உண்டு. மாணவர் நூலகத்தை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பது நூலகத்துக்குள் முடிவாவதில்லை. வகுப்பறையில் அவரிடம் என்ன கேட்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அது அமைகிறது.

இளநிலை மாணவர்களின் வருகை, உள்மதிப்பீட்டுத் தேர்வுக்கு முந்தைய வாரத்திலும் பருவத் தேர்வுக்கு முந்தைய விடுமுறையிலும் பெருகி, மற்ற நாள்களில் வற்றிவிடும். வருபவர்களும் பொருளின் பெயரையோ ஆசிரியரின் பெயரையோ சொல்லி நூல் கேட்பது குறைவு, "மேடம், மூணாவது யூனிட்டுக்கு புக் இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். பாடத்திட்டத்தின் ஓர் அலகுக்குச் சரியாகப் பொருந்தும்படி உலகில் எந்த நல்ல நூலும் எழுதப்படுவதில்லை என்பதால், அந்தக் கேள்விக்குப் பொருந்தும் விடை பெரும்பாலும் ஒரு கைடாகவே இருக்கிறது. இறுதியாண்டில் நோ டியூ கையெழுத்துக்காக வரும்போதுதான் நூல் வழங்கும் மேசையை முதன்முறையாகப் பார்க்கிற மாணவர்களும் உண்டு. அவர்கள் பெயரில் நிலுவை எதுவும் இருக்காது, ஏனென்றால் மூன்றாண்டில் எதையும் அவர்கள் எடுத்திருக்கமாட்டார்கள்.

இதற்காக மாணவர்களைக் குறைசொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பாடக்குறிப்பு வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் கோப்பாக வந்துவிடுகிறது. தேர்வு அந்தக் குறிப்பிலிருந்தே கேட்கப்படுகிறது. 'வணிக வங்கிகளின் பணிகள்' என்ற தலைப்பில் ஒப்படைப்பு எழுதச் சொன்னால் அதற்கும் அந்தக் குறிப்பே போதுமானதாக இருக்கிறது. இந்த ஏற்பாட்டில் நூலகத்துக்கு வேலையே இல்லை. மாறாக, வரலாற்றுத் துறையின் பேராசிரியர் ஒருவர், 1806ஆம் ஆண்டு வேலூர்க் கிளர்ச்சியின் காரணங்களை இரண்டு வெவ்வேறு நூல்கள் எப்படி விளக்குகின்றன என்று ஒப்பிட்டு, பக்க எண்களோடு எழுதிவரச் சொன்னார். அந்த வாரம் தமிழ்நாட்டு வரலாறு அடுக்கப்பட்டிருக்கும் 954.82 என்ற வகைப்பாட்டு எண் கொண்ட தட்டு காலியாகிவிட்டது. நூலக விழிப்புணர்வு வாரம், பதாகை, பயிற்சி முகாம் என்று நாங்கள் செய்த எதுவும் அந்தத் தட்டைக் காலி செய்ததில்லை. நூல்களைத் திருப்பித் தந்த மாணவர்களில் சிலர், இரண்டு நூல்களும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவே, எதை நம்புவது என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி எழும் இடத்துக்கு அவர்களைக் கொண்டுவரத்தான் கல்லூரிக்கு நூலகம் வேண்டியிருக்கிறது.

நூலகங்களின் பங்கில் குறை இல்லையென்று சொல்லவில்லை. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதை முதல் விதியாக வைத்து நூலகவியலின் ஐந்து விதிகளை அவர் நூலாக வெளியிட்டது 1931இல். வாசகர் தாமே அடுக்குகளுக்கிடையே நடந்து, எடுத்துப் பார்த்து, தேடிவராத ஒரு நூலையும் கண்டெடுக்க வேண்டும் என்று அவர் வாதாடிய இதே மாநிலத்தில், இன்றும் பல கல்லூரி நூலகங்களில் இளநிலை மாணவர் துண்டுச் சீட்டில் நூற்பெயரை எழுதிக்கொடுத்துவிட்டு மேசைக்கு வெளியே காத்திருக்கிறார். தணிக்கையின்போது காணாமற்போன நூலுக்கு நூலகர் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்ற அச்சமே இதற்குக் காரணம். அச்சம் நியாயமானதுதான். ஆனால் யாருமே தொடாத நூலுக்காக எந்தத் தணிக்கையும் நூலகரைக் கேள்வி கேட்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நூலகம் திறந்திருக்கும் நேரமும் அப்படித்தான். வகுப்பு நடக்கும் நேரத்தில் திறந்து, கடைசி மணி அடித்துச் சற்று நேரத்தில் மூடிவிடும் நூலகத்தை, ஊர்ப் பேருந்தைப் பிடித்தாக வேண்டிய மாணவர் எப்போது பயன்படுத்துவார்?

வாசிப்புக் கூடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் தங்கள் சொந்தப் புத்தகங்களோடு வந்து கூடத்தின் மேசைகளை நாள்முழுதும் பிடித்துக்கொள்கிறார்கள், நூலகத்தின் நூல் ஒன்றைக்கூட எடுப்பதில்லை என்று சில ஆசிரியர்கள் குறைப்படுவதுண்டு. ஒற்றை அறை வீட்டில் தொலைக்காட்சி ஓசைக்கு நடுவே படிக்க வேண்டியிருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, அமைதியும் வெளிச்சமும் ஒரு மேசையும் கிடைப்பதே பெரிய வளம். அதையும் நூலகப் பயன்பாடாகவே நான் கருதுகிறேன்.

நூற்பட்டியைத் தேடும் பழக்கம் மாணவர்களிடம் இல்லை என்பதில் ஒரு பகுதி, தேடினாலும் கிடைப்பதில்லை என்பதே. கோஹா, சோல், இ-கிரந்தாலயா போன்ற நூலக மென்பொருள்களில் தமிழ் நூல்களின் விவரத்தை ஒரு காலத்தில் ஆங்கில எழுத்திலும், பிறகு ஒருங்குறித் (யூனிகோடு) தமிழிலும் உள்ளிட்டிருப்பார்கள். மு.வ. என்று தேடுபவருக்கு, 'வரதராசன், மு.' என்ற பெயரின்கீழ் இருப்பவை கண்ணில் படா. சாமிநாதையரை ஆங்கிலத்தில் எத்தனை வகையாக எழுத முடியுமோ அத்தனை வகையாகவும் எழுதியிருப்பார்கள். ஆகவே தமிழ் நூலைத் தேடுபவர் ஆசிரியர் பெயரை மட்டும் நம்பாமல் தலைப்பின் ஒரு சொல்லைக் கொண்டும் தேடிப் பார்க்க வேண்டும்; அதிலும் அகப்படவில்லை என்றால், தமிழ் இலக்கியத்துக்கான 894.811 என்ற எண்ணில் தொடங்கும் அடுக்குகளுக்கே சென்று பார்ப்பது நல்லது.

அச்சு நூல்களைவிடப் பயன்படாமல் கிடப்பவை மின்வளங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின்கீழ் காந்திநகரில் இயங்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் கல்லூரிகளுக்காக நடத்தும் என்-லிஸ்ட் திட்டத்தில், சில ஆயிரம் ரூபாய் ஆண்டுக் கட்டணத்துக்கு 6,000க்கும் மேற்பட்ட மின்னிதழ்களும் 1,99,500க்கும் மேற்பட்ட மின்னூல்களும் கிடைப்பதாக அந்த மையம் பல ஆண்டுகளாக அறிவித்துவந்திருக்கிறது. ஒரு சிற்றூர்க் கல்லூரி தன் பணத்தில் இவற்றில் நூறில் ஒரு பங்கைக்கூட வாங்க முடியாது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் தனித்தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உண்டு என்பதால் வீட்டிலிருந்தே, கைப்பேசியிலேயே படிக்கலாம். இருந்தும், கணக்கைச் செயல்படுத்தும்படி வரும் மின்னஞ்சலை யாரும் திறப்பதில்லை; திறந்தவரும் கடவுச்சொல்லை மறந்துவிடுகிறார்; மறந்ததை நூலகரிடம் சொல்லவும் தயங்குகிறார். தேவைப்படும்போது கூகுளில் ஒப்படைப்பின் தலைப்பை முழுமையாகத் தட்டச்சு செய்து, முதலில் வரும் இணையதளத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டு வாங்குவதும் சேர்ந்துகொண்டது. அவை தரும் மேற்கோள் பட்டியலில் இருக்கும் கட்டுரையைத் தேடித்தரச் சொல்லி மாணவர்கள் என்னிடம் வருகிறார்கள். தேடிப்பார்த்தால், அப்படியொரு கட்டுரையே வெளிவந்திருக்காது.

மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு ரூ.6,000 கோடியில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் இருக்கும் 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. அரசுக் கல்லூரி ஆசிரியர் ஒருவர், தனக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று வெளிநாட்டில் இருக்கும் நண்பரிடம் கேட்பதற்கு முன், அது தன் கல்லூரிக் கணக்கிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். தனியார் சுயநிதிக் கல்லூரிகள் இதன் முதற்கட்டத்தில் இடம்பெறவில்லை. அவர்களுக்கு, கரக்பூர் ஐஐடி உருவாக்கிய தேசிய மின்னூலகமும், திறந்த அணுக்க ஆய்விதழ்களின் அடைவான டிஓஏஜேயும், உயிரியல் மருத்துவத் துறைகளுக்கான கட்டுரைக் களஞ்சியமான பப்மெட் சென்ட்ரலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

ஆய்வு மாணவர்கள் அதிகம் பயன்படுத்துவதும், அதிகம் தவறாகப் பயன்படுத்துவதும், இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா தளத்தைத்தான். பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் வெளியிட்ட ஒழுங்குமுறையின்படி முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்வடிவத்தைச் சமர்ப்பிப்பது கட்டாயமானது. பல லட்சம் ஆய்வேடுகள் இப்போது அங்கே இயல் இயலாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலைத்தான் முதலில் திறக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். எந்தெந்த நூல்களைத் தேட வேண்டும் என்பது அதில் தெரியும். அங்கிருந்து மூலநூலுக்குப் போகலாம். ஆனால் பலர் திறப்பது முன்னாய்வுகளை மதிப்பிடும் இயலை. அதில் ஒருவர் சுருக்கிச் சொன்னதை அப்படியே எடுத்து, தாம் பார்த்தே இராத மூலத்தை நேரடியாகப் படித்ததுபோல மேற்கோள் காட்டிவிடுகிறார்கள். முதலாமவர் ஆண்டையோ முடிவையோ தவறாக எழுதியிருந்தால், அதே தவறு அடுத்தடுத்த ஆய்வேடுகளிலும் தொடர்ந்து வரும்.

மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டுக் கருத்துத்திருட்டு ஒழுங்குமுறை, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை என்றும், அதற்கு மேல் 40 வரை, 60 வரை, 60க்கு மேல் என்று படிப்படியாக நடவடிக்கை என்றும் வகுத்திருக்கிறது. கடைசிப் படியில் ஆய்வாளரின் பதிவே ரத்தாகும். விளைவாக, மென்பொருள் அறிக்கையில் எண்ணைக் குறைக்கச் சொற்களை மட்டும் மாற்றிப் போடும் வேலை தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. அறிக்கை பத்துக்குக் கீழே வந்தால் ஆய்வு நேர்மையானது என்று பொருளில்லை என்பதை நெறியாளர்கள்தாம் மாணவர்களிடம் சொல்ல வேண்டும்.

தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடுகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவற்றையும் வெறும் படமாக ஸ்கேன் செய்யப்பட்டவற்றையும் ஒருங்குறித் தேடல் கண்டுகொள்ளாது; ஒப்புமை பார்க்கும் மென்பொருளும் அவற்றைச் சரியாகப் படிக்காது. தலைப்பும் ஓரிடத்தில் தமிழிலும், ஓரிடத்தில் ஆங்கில எழுத்துகளிலும், மற்றோரிடத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பாகவும் இருக்கும். ஒரு தலைப்பில் ஏற்கெனவே ஆய்வு நடக்கவில்லை என்று முடிவுகட்டும் முன் இம்மூன்று வகையிலும் தேடிப் பார்ப்பதோடு, அந்தந்தப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையின் பட்டியலையும் கேட்டுப் பார்த்துவிட வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த தொகுப்பிலிருந்து உருவாகி, இன்று சென்னை தரமணியில் இயங்கும் ஆய்வு நூலகத்தில், வேறெங்கும் எளிதில் அகப்படாத சிறுவெளியீடுகளும் இதழ்களும் இருக்கின்றன. இவற்றின் பெயரைக்கூடக் கேள்விப்படாமல் முதுகலைத் தமிழ் முடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆசிரியர்களின் பயன்பாடு பற்றி எழுதுவது சற்றுச் சங்கடமானது. ஒரே கல்லூரியில் நாளும் முகம் பார்க்கிறவர்கள். ஆசிரியர் பணிக்கான நெட், செட் தகுதித் தேர்வுக்கும் முனைவர் பட்டத்துக்கும் படிக்கும் காலத்தில் அவர்களைவிடச் சிறந்த வாசகர்கள் இல்லை. பணி உறுதியான பின் பலருடைய வருகை நின்றுவிடுகிறது. எடுத்துச் சென்ற நூல்கள் மட்டும் துறை அலமாரியில் ஆண்டுக்கணக்காக இருக்கின்றன. அவற்றைக் கேட்கும் மாணவரிடம் 'வெளியே இருக்கிறது' என்பதைத் தவிர எங்களால் வேறெதுவும் சொல்ல முடிவதில்லை. பாடத்திட்டத்தின் இறுதியில் தரப்படும் பார்வை நூல்களின் பட்டியல், திருத்தத்துக்குத் திருத்தம் அப்படியே நகர்ந்துவருவதால், அச்சில் இல்லாத பதிப்புகளைத் தேடி மாணவர்கள் அலைகிறார்கள். நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில், பணத்தைச் செலவழித்தாக வேண்டிய அவசரத்தில் துறைகளிடம் பரிந்துரை கேட்கிறோம். விற்பனையாளர் கொடுத்துவிட்டுப் போன விலைப்பட்டியலில் குறியிட்டு அனுப்பிவிடுகிறார்கள். அப்படி வாங்கிய நூல்கள் சேர்க்கை எண் பெற்று, முத்திரை குத்தப்பட்டு, திறக்கப்படாமலே பழையதாகின்றன.

பதவி உயர்வுக்குக் கட்டுரை வெளியிட வேண்டியிருக்கும்போது ஆசிரியர்கள் மீண்டும் வருகிறார்கள். மானியக் குழு ஏற்ற இதழ்களின் பட்டியலான யுஜிசி-கேர் பட்டியலைப் பார்த்து இதழைத் தேர்ந்துகொள்ளும் வசதி 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியல் கைவிடப்பட்டதோடு முடிந்தது. இதழின் தரத்தைக் கணிக்கும் பொறுப்பு இப்போது நிறுவனங்களிடம் வந்திருக்கிறது. ஐஎஸ்எஸ்என் எண் என்பது இதழை அடையாளம் காட்டும் எண்ணே தவிர, தரச்சான்று அன்று. சில நாள்களில் வெளியிடுகிறோம் என்று பணம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களைப் பற்றி, பணம் கட்டும் முன்பே நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். ஆசிரியர் குழுவில் இருப்பதாகச் சொல்லப்படுபவர்கள் உண்மையில் இருக்கிறார்களா, முந்தைய இதழ்களில் எந்தத் துறைக் கட்டுரைகள் வந்திருக்கின்றன என்று பார்க்க அரை மணி நேரம் போதும்.

துறைகளிடம் நான் கேட்பது இரண்டே. பருவத்துக்கு ஓர் ஒப்படைப்பாவது, குறைந்தது இரண்டு மூலங்களைப் பக்க எண்ணோடு சுட்டாமல் எழுத முடியாதபடி அமையட்டும். தலைப்பை முன்கூட்டியே எங்களுக்குத் தெரிவித்தால், உரிய நூல்களைப் பார்வைப் பகுதியில் தனியே எடுத்துவைக்கிறோம். முதலாமாண்டுச் சேர்க்கை முடிந்ததும் மாணவர்களின் பெயரையும் அவர்கள் உண்மையிலேயே பயன்படுத்தும் மின்னஞ்சல் முகவரியையும் அனுப்பிவிட்டு, ஒரு பாடவேளையை நூலகத்துக்கு ஒதுக்குங்கள். அந்த வகுப்பை எடுக்கும் ஆசிரியரும் உடன் வரட்டும். அவர் தன் கணக்கைத் திறந்து தன் பாடத்தில் ஒரு கட்டுரையைத் தேடிக் காட்டினால், நான் கொடுக்கும் செயல்விளக்கத்தைவிட மாணவர்கள் அதை உன்னிப்பாகப் பார்க்கிறார்கள்.