கேரவன் இழுக்கும்போது டீசல் எங்கே போகிறது?

"அண்ணா, கேரவனை மாட்டினதும் வண்டி டீசலைக் குடிக்குது. எஞ்சின் சக்தியைக் கூட்டுற சிப் ஏதாவது போட்டா குறையுமா?"

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் நம்மவர்கள் கேட்பது இதைத்தான். வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் நடமாடும் வீடான கேரவன் ஒன்றைப் பழையதாக வாங்கி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எக்ஸ்மவுத் பக்கமோ ஆல்பனி பக்கமோ கிளம்பும் குடும்பங்கள் இப்போது நம்மிடையே நிறைய. தனியாக ஓடும்போது 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் கேட்ட வண்டி, கேரவனோடு 18 லிட்டர் கேட்டால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் மூன்று லிட்டர் எஞ்சின் உள்ள ஒரு டீசல் வண்டி, இரண்டரை டன் கேரவனை இழுத்துக்கொண்டு 16 முதல் 20 லிட்டர் வரை குடிப்பது இயல்புதான். அதில் கோளாறு எதுவும் இல்லை.

முதலில் கணக்கைச் சரியாகப் போடுங்கள். டாஷ்போர்டில் காட்டும் சராசரியை நம்ப வேண்டாம். டேங்க்கை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்து, அடுத்த முறை மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று வகுத்துப் பாருங்கள். பக்கத்திலேயே அன்றைய காற்று எந்தத் திசையில் அடித்தது என்றும் எழுதி வையுங்கள். எதற்காக என்று கீழே சொல்கிறேன்.

எல்லோரும் எடையைத்தான் குறை சொல்கிறார்கள். மேடு ஏறும்போதும் ஊருக்குள் நின்று நின்று போகும்போதும் அது உண்மை. சமதளமான நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது டீசலைத் தின்பது பெரும்பாலும் காற்றுதான். கேரவனின் முன்பக்கத்தைப் பாருங்கள். ஏறக்குறைய இரண்டரை மீட்டர் அகலத்தில், மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு சுவர். இழுக்கும் வண்டியின் முகப்பைப் போல இரண்டு மடங்கு. வண்டியின் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி முழுக்க நேராகக் காற்றில் மோதுகிறது.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 100-லிருந்து 90-க்கு இறங்கினால் வேகம் குறைவது பத்து சதவீதம்தான், காற்றின் எதிர்ப்போ 19 சதவீதம் குறைகிறது. 80-க்கு இறங்கினால் 36 சதவீதம். டயர் உருள்வதற்கு ஆகும் செலவு இதோடு சேர்ந்து குறையாது என்பதால் முழுப் பலனும் டீசலில் தெரியாது. என்றாலும் 90-ல் போனால் பத்து முதல் பன்னிரண்டு சதவீதம் வரை மிச்சமாகும்.

பெர்த்திலிருந்து வடக்கே ஜெரால்டன் சுமார் 420 கிலோமீட்டர். 18 லிட்டர் கணக்கில் 76 லிட்டர் வேண்டும். 90-ல் ஓட்டினால் எட்டு லிட்டருக்கு மேல் மிச்சம். லிட்டர் இரண்டு டாலர் என்று வைத்துக்கொண்டால் 16 டாலர். இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை அரை மணி நேரம்கூட இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் இழுவையோடு போகும் வண்டிக்கு 100-தான் உச்சவரம்பு. சாலைப் பலகையில் 110 என்று இருந்தாலும் அது உங்களுக்கு இல்லை. இது தெரியாமல் 110-ல் போய்விட்டு, மைலேஜ் வரவில்லை என்று வருகிறவர்களும் உண்டு.

மெதுவாகப் போவதிலும் ஒரு முறை இருக்கிறது. வடக்குப் பாதையில் 53.5 மீட்டர் வரை நீளமுள்ள ரோட் ட்ரெயின்கள், அதாவது பல ட்ரெய்லர்களை இழுக்கும் லாரிகள், பின்னால் வரும். லாரிக்காரர்களோடு பேச உதவும் யுஎச்எஃப் ரேடியோவில் 40-ஆம் சேனலைத் திறந்து வைத்திருங்கள். பின்னால் லாரி நெருங்கினால், பார்த்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லி, அவர் முந்தும்போது வேகத்தைக் கூட்டாமல் இடப்பக்கத்திலேயே சீராகப் போங்கள். முந்திப்போன ரோட் ட்ரெயினின் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் காற்று மறைப்பில் டீசல் மிச்சமாகும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மிச்சமாகும்தான். ஆனால் அந்த லாரி பிரேக் அடித்தால் கேரவனோடு நிறுத்த உங்களுக்கு இடம் இருக்காது.

அடுத்தது காற்றின் திசை. 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று அடிக்கும்போது நீங்கள் 90-ல் போனால், உங்கள் கேரவனுக்கு அது 120-ல் போவது மாதிரி. காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட 1.8 மடங்காகிவிடும். போகும்போது 16 லிட்டர், வரும்போது 22 லிட்டர், வண்டியில் ஏதோ கோளாறு என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது எந்த மாதம், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்பதைத்தான். ஜெரால்டனுக்குச் சற்றுத் தெற்கே கிரீனஃப் என்ற இடத்தில் யூகலிப்டஸ் மரங்கள் வடக்கே பார்த்துத் தரையோடு தரையாகச் சாய்ந்து கிடக்கும். வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதவர்கள் இல்லை. கடல் உப்பைச் சுமந்துகொண்டு அடிக்கும் தெற்குக் காற்றின் வேலை அது. மரத்தையே படுக்கப் போட்ட காற்று, தெற்கு நோக்கி வீடு திரும்பும் உங்கள் கேரவனை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

வசந்தத்திலும் கோடையிலும் இந்தக் கடற்கரையில் பிற்பகலில்தான் தெற்குக் காற்று வலுக்கும். ஆகவே அக்டோபர் விடுமுறை முடிந்து திரும்பும்போது ஜெரால்டனில் விடிந்ததும் கிளம்பி, மதியத்துக்குள் பெர்த் பக்கம் வந்து சேரப் பாருங்கள். அதற்காக இருட்டோடு இருட்டாகக் கிளம்ப வேண்டாம், கங்காரு குறுக்கே வரும். நல்லார்பர் சமவெளி வழியாக அடிலெய்டு பக்கம் போகிறவர்கள் நார்ஸ்மனிலிருந்து செடுனா வரை சுமார் 1,200 கிலோமீட்டர் திறந்தவெளியில் ஓட்ட வேண்டும். வானிலை ஆய்வகத்தின் காற்று முன்னறிவிப்பைப் பார்த்து, எதிர்காற்று பலமாக இருக்கிறது என்றால் ஒரு நாள் தங்கிவிட்டுப் போவது எந்தச் சிப்பையும்விட அதிக டீசலை மிச்சப்படுத்தும்.

காலும் கியரும் அடுத்து. க்ரூஸ் கன்ட்ரோல் சமதளத்துக்கு நல்லது. மேடும் பள்ளமுமான சாலையில் அது சொன்ன வேகத்தை விடமாட்டேன் என்று அடம்பிடித்து, இரண்டு கியர் கீழே இறக்கி எஞ்சினை அலறவிடும். மேட்டில் பத்து கிலோமீட்டர் வேகம் குறைந்தால் குறையட்டும், உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே காலைத் தளர்த்துங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில், மேல் கியருக்கும் அதற்குக் கீழ் கியருக்கும் மாறி மாறித் தாவிக்கொண்டிருந்தால், இழுவைக்கான டோ மோடுக்கோ மேனுவலுக்கோ மாற்றி ஒரு கியர் கீழேயே நிறுத்துங்கள். ஆர்பிஎம் கொஞ்சம் கூடும்தான். ஆனால் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டர் லாக் ஆகியே இருக்கும். லாக் விட்டுவிட்டுப் பிடிக்கும்போது வீணாகும் சக்தி அத்தனையும் கியர்பாக்ஸ் எண்ணெயில் சூடாக இறங்குகிறது. அந்தச் சூட்டுக்கும் நீங்கள்தான் டீசல் ஊற்றுகிறீர்கள். கியர்பாக்ஸ் போனால் ஆகும் செலவைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, உண்மையிலேயே கோளாறு இருக்கும் வண்டிகள். நான் அடிக்கடி பார்ப்பது, டர்போவின் காற்றை எஞ்சினுக்குக் கொண்டுபோகும் இன்டர்கூலர் ஹோஸில் விரிசல். அண்மையில் ஒருவர் யூட் (பிக்கப் வண்டி) ஒன்றைக் கொண்டுவந்தார். தனியாக ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை, கேரவனோடு மேடு ஏறினால் கரும்புகை, இழுவை இல்லை. இன்ஜெக்டர் போயிருக்கும், ஆயிரக்கணக்கில் ஆகும் என்று யாரோ பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். பானட்டைத் திறந்து டார்ச் அடித்தால், ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளாம்ப் கடிக்கும் இடத்தை ஒட்டி, தூசி ஒட்டிய எண்ணெய் ஈரம். கையால் மடக்கினதும் விரல் நீளத்துக்கு வாய் பிளந்தது. மேலிருந்து பார்த்தால் அது தெரியாது, டர்போவின் அழுத்தம் (பூஸ்ட்) ஏறும்போது மட்டும்தான் திறக்கும். டர்போ அழுத்திக் கொடுத்த காற்று அந்த வழியே வெளியே போய்விட, எஞ்சினுக்குக் காற்று போதாமல் டீசல் அரைகுறையாக எரிந்து புகையாகப் போகிறது. ஹோஸ் ஒன்று, கிளாம்ப் இரண்டு. வேறெதையும் தொடவில்லை.

இன்னொன்றை நீங்களே கண்டுபிடிக்கலாம். கேரவனின் எலெக்ட்ரிக் பிரேக் ஒரு சக்கரத்தில் லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்று வாங்கி வண்டியில் போட்டு வையுங்கள். ஒரு மணி நேரம் ஓடியபின், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓரங்கட்டி, சக்கரங்களின் ஹப்பை ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் எகிறினால் பிரேக் பிடிக்கிறது, அல்லது பேரிங் போகிறது. இதை டீசலுக்காகப் பார்க்கப் போய், சக்கரம் கழன்று ஓடுவதிலிருந்து தப்பியவர்கள் உண்டு.

டயர் காற்றைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் பார்ப்பதில்லை. மணலில் இறங்க 18, 20 பிஎஸ்ஐ-க்கு இறக்கிவிட்டு, கம்ப்ரெசரை எடுக்கச் சோம்பல்பட்டு அப்படியே தார்ச்சாலையில் ஏறுகிறார்கள். டீசல் போவது இருக்கட்டும், பாரத்தோடு அந்த டயர் சூடேறி வெடிக்கும். கதவு ஓரத்து ஸ்டிக்கரில் முழுப் பாரத்துக்கு என்ன காற்று போட்டிருக்கிறதோ அதை, டயர் ஆறியிருக்கும்போது நிரப்புங்கள். கேரவன் டயருக்கு வேறு அளவு, அது கேரவனின் தகட்டில் இருக்கும்.

எரிபொருள் குழாயில் மாட்டும் காந்தம், பாட்டிலில் வரும் மைலேஜ் மருந்து, இவற்றுக்குக் கொடுக்கும் காசுக்கு டீசலே போட்டுக்கொள்ளலாம். சிப் போட்டால் இழுவை கூடும், உண்மை. கூடின இழுவையைப் பார்த்ததும் கால் அழுத்தும், அதுவும் உண்மை. வாரன்டிக்கும் இன்சூரன்ஸுக்கும் என்ன ஆகும் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப்-ஐக் கழற்றிவிடலாம் என்று சொல்பவரிடம் வண்டியையே விடாதீர்கள், அது சட்டவிரோதம்.

எடையில் சுலபமாகக் குறைவது தண்ணீர். 95 லிட்டர் டேங்க் இரண்டும் நிரம்பியிருந்தால் 190 கிலோ. குழாய் உள்ள கேரவன் பார்க்கிலிருந்து அடுத்த கேரவன் பார்க்குக்குப் போக இத்தனை எதற்கு? குடிக்கவும் வழியில் மாட்டிக்கொண்டால் சமாளிக்கவும் போதுமானதை வைத்துக்கொள்ளுங்கள். டேங்க் காலியானால் வண்டியில் கேரவனை மாட்டும் டோபாலில் இறங்கும் பாரமும் மாறும் என்பதை மறந்துவிடக் கூடாது. கேரவனின் மொத்த எடையில் பத்து சதவீதம் அளவுக்கு அங்கே இருக்க வேண்டும், குறைந்தால் கேரவன் வாலாட்டும். கூரையில் கட்டிய கயாக்கும் காலிப் பெட்டியும் எடைக்காக இல்லாவிட்டாலும் காற்றுக்காக இறங்கட்டும்.

கடைசியாக விலை. எரிபொருள் விலையைக் காட்டும் அரசுச் சேவையான ஃபியூவல்வாட்ச் 2001-லிருந்து இங்கே நடக்கிறது. மறுநாள் விலையைப் பிற்பகல் 2.30-க்கு மேல் பார்க்கலாம், காலை 6 மணிக்கு அமலாகும் அந்த விலை 24 மணி நேரம் மாறாது. செவ்வாய்க்கிழமை வரை காத்திருந்து போடுவது பெட்ரோல்காரர்களின் வழக்கம். டீசல் விலை அப்படி வாரச் சுழற்சியில் ஏறி இறங்குவதில்லை, காத்திருந்து பயனில்லை. ஒரு பெட்ரோல் பங்குக்கும் இன்னொரு பங்குக்கும்தான் வித்தியாசம். சூப்பர்மார்க்கெட் ரசீதுக்கு லிட்டருக்கு நாலு சென்ட் தள்ளுபடி, 80 லிட்டருக்கு 3 டாலர் 20 சென்ட். அதற்காகக் கேரவனோடு ஊரைச் சுற்றப் போகாதீர்கள்.

தொலைதூரத்தில் கதை வேறு. நெடுஞ்சாலையோரம் தனித்து நிற்கும் ரோட்ஹவுஸ் பங்கில் டீசல் விலை கூடத்தான் இருக்கும், அதைச் சுமந்து கொண்டுவரும் செலவு அப்படி. ஜெரால்டனிலிருந்து கார்னார்வன் சுமார் 480 கிலோமீட்டர். 18 லிட்டர் கணக்கில் 86 லிட்டர். உங்கள் டேங்க் 80 என்றால் எட்டாது. ஜெரால்டனில் கழுத்து வரை நிரப்பிக்கொண்டு, 280 கிலோமீட்டர் தாண்டி வரும் ஓவர்லேண்டர் ரோட்ஹவுஸில் நிறுத்துங்கள். அங்கே டேங்க்கில் 30 லிட்டர் இருக்கும். மீதி 200 கிலோமீட்டருக்கு 36 லிட்டர் வேண்டும். அங்கே 25 லிட்டர் மட்டும் போட்டுக்கொண்டு, கார்னார்வன் போய் நிரப்பலாம். எதிர்காற்று அடிக்கிறது என்றால் 22 லிட்டர் கணக்குக்கு மாறி 30, 35 ஆகப் போடுங்கள். வந்த வழியில் எவ்வளவு பிடித்தது, காற்று எப்படி என்று குறித்து வைக்கச் சொன்னது இதற்குத்தான். டேங்க்கில் பதினைந்து லிட்டராவது எப்போதும் கையிருப்பாக இருக்க வேண்டும். கேரவனின் பின்பம்பரில் ஜெரிகேன் மாட்டிக்கொண்டு போகும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. பின்னாலிருந்து ஒரு வண்டி இடித்தால் முதலில் நசுங்குவது அதுதான்.